குளிருக்குப் பயந்து வீட்டை விற்கலாமா?

கேள்வி: மினசோட்டாவில், மினியாபோலிஸ் புறநகர் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். எனக்கு 43 வயது, ஐ.டி. வேலை. மனைவி ஒரு பள்ளியில் பகுதிநேரமாக வேலை பார்க்கிறார். இருவர் சம்பளமும் சேர்த்து ஆண்டுக்கு 1.68 லட்சம் டாலர். பெண்ணுக்கு 13, பையனுக்கு 9. 2020 கடைசியில் 2.875 சதவீத வட்டிக்கு 3.10 லட்சம் டாலர் கடன் எடுத்து வீடு வாங்கினோம். இன்று அது 4.70 லட்சம் போகும். ஆனால் இந்தக் குளிர் எங்களுக்கு ஒத்துவரவில்லை. நவம்பர் பிறந்தால் மார்ச் வரை மனைவி யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. அதனால் ஒவ்வொரு குளிர்காலமும் ஊருக்கு ஒரு தடவை, மெக்சிகோவுக்கு ஒரு தடவை போய் வருகிறோம். அதற்காக எடுத்த ஹீலாக்கில் (வீட்டை ஈடாக வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) 46,000 டாலர் நிற்கிறது. டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் இருக்கும் மச்சான், "இங்கே வந்துவிடுங்கள், மாநில வருமான வரியே கிடையாது" என்கிறார். அவர் பக்கத்துத் தெருவில் 5.60 லட்சத்துக்குப் புது வீடு வருகிறது. புக் செய்ய ஹீலாக்கில் இன்னும் 40,000 எடுக்கச் சொல்கிறார். அவருடைய நண்பர் ஒரு ஐ.யூ.எல். பாலிசி (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைத்த ஆயுள் காப்பீடு) காட்டியிருக்கிறார். அதற்கு மாதம் 1,000 டாலர் கட்டத் தயாராக இருக்கிறோம். கிரீன் கார்டு வந்துவிட்டது. இங்கேயே இருப்பதா, போவதா?

பதில்: மூன்று பக்கக் கடிதத்தை இங்கே சுருக்கியிருக்கிறேன். முழுக் கடிதத்தில் குளிருக்கு இரண்டரைப் பக்கம், ஹீலாக்குக்கு ஒன்றரை வரி. என்னைக் கேட்டால் அதைத் தலைகீழாக எழுதியிருக்க வேண்டும்.

குளிரைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. நானும் சிகாகோ புறநகரில் எட்டுக் குளிர்காலம் ஓட்டியவன். 2019 ஜனவரி 30 அன்று ஓ'ஹேர் விமான நிலையத்தில் மைனஸ் 23 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 31 செல்சியஸ். அன்று ராத்திரி எங்கள் கராஜ் சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாய் வெடித்தது. இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால் முதல் 2,500 டாலர் என் பையிலிருந்துதான் போனது. உங்கள் மாநிலம் இதற்கெல்லாம் அண்ணன். 1996 பிப்ரவரி 2 அன்று டவர் என்ற ஊரில் மைனஸ் 60 ஃபாரன்ஹீட் பதிவானது. டிசம்பரில் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். வேலை முடிந்து லேப்டாப்பை மூடும்போது வெளியே நடுராத்திரி போல இருக்கும். உங்கள் மனைவியை வாட்டுவது பனியைவிட இந்த இருட்டாக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சரி, இந்தக் குளிருக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்? நீங்கள் அனுப்பிய பில்களை வைத்துத் தோராயமாகப் போடுகிறேன். ஹீட்டர் ஓடும் மாதங்களுக்கு கேஸ் 1,100. வின்டர் டயர் செட்டை நாலைந்து வருடத்துக்குப் பங்கிட்டு, மாற்றும் கூலியும் சேர்த்து 350. பனி அள்ள வரும் ஆளுக்கு 500. பிள்ளைகள் வளர வளர வாங்கும் ஜாக்கெட், பூட்ஸ் 400. சாலை உப்பு தின்னும் கார், பேட்டரி வகையில் 400. ஃபர்னஸ் பழுது, கூரை விளிம்பில் பனி உறைந்து உள்ளே ஒழுகுவது, குழாய் வெடிப்பது என்று ஒதுக்கி வைக்க 900. மொத்தம் 3,650 டாலர். உங்கள் மாநிலமும் சிகாகோவும் இருக்கும் மிட்வெஸ்ட் வட்டாரத்தில் குளிரின் வருடாந்திரக் கட்டணம் இவ்வளவுதான். இதை உங்கள் சம்பளம் தாங்கும்.

குளிரை விட்டு ஓடுவதற்குத்தான் அதிகம் ஆகிறது. டிசம்பர் கடைசியில் நாலு பேருக்குச் சென்னை டிக்கெட், அங்கே ஆகும் செலவு என்று 7,500. மார்ச்சில் மெக்சிகோ 4,500. ஆக வருடம் 12,000, நான்கு குளிர்காலம். குளிரின் விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல், அதுவும் வீட்டை அடகு வைத்து வாங்கிய பணத்தில். 2023-24 குளிர்காலம் மினசோட்டா சரித்திரத்திலேயே மிகக் கதகதப்பானது. பனிச்சறுக்குப் பிரியர்கள் பனி இல்லாமல் புலம்பினார்கள். அந்த வருடமும் நீங்கள் மெக்சிகோ போயிருக்கிறீர்கள். அப்புறம் எப்படி இதைக் குளிர்ச் செலவு என்று எழுதுவது? இது காலண்டர் செலவாகிவிட்டது.

ஹீலாக்கின் வட்டி மிதக்கும் வட்டி, சந்தை வட்டியோடு ஏறி இறங்கும். 2022 தொடக்கத்தில் நீங்கள் எடுத்தபோது 4.25 சதவீதம். அந்த மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கிய அமெரிக்க மத்திய வங்கி, ஃபெடரல் ரிசர்வ், 2023 ஜூலைக்குள் ஐந்தேகால் சதவீதப் புள்ளி ஏற்றியது. உங்களுடையது 9.5 வரை போய், இப்போது 8-ஐ ஒட்டி நிற்கிறது. 46,000-க்கு மாதம் 307 டாலர் வட்டி கட்டுகிறீர்கள். அசலில் ஒரு டாலர் குறையவில்லை. பயணத்துக்குச் செலவழித்த ஹீலாக் வட்டிக்கு வரிக்கழிவும் கிடையாது. 2018-லிருந்து வீட்டை வாங்க, கட்ட, மேம்படுத்தச் செலவழித்தால்தான் உண்டு. வட்டி மட்டும் கட்டும் பத்து வருடம் 2032-ல் முடிகிறது. அன்றிலிருந்து அசலும் சேர்த்துக் கட்டவேண்டும். அப்போது உங்கள் பெண் கல்லூரியில் இருப்பாள்.

இப்போது மச்சானின் யோசனை. மாநில வருமான வரி இல்லை என்பது உண்மை. உங்கள் வருமானத்துக்கு மினசோட்டா சுமார் 7,900 டாலர் வாங்குகிறது, அது மிச்சமாகும். அடுத்த பக்கத்தையும் பாருங்கள். வீட்டை 4.70 லட்சத்துக்கு விற்றால் ஏஜென்ட் கமிஷன், மற்ற செலவு 28,000 போகும். வீட்டுக் கடன் பாக்கி 2.75 லட்சம், ஹீலாக் 46,000 இரண்டையும் அடைத்தால் கையில் நிற்பது 1.21 லட்சம். அதில் 1.12 லட்சம் புது வீட்டுக்கு முன்பணம். மீதி 4.48 லட்சத்துக்கு ஆறரை சதவீதத்தில் கடன் எடுத்தால் மாதத் தவணை 2,830. இப்போது கட்டுவது 1,286. வருடத்துக்கு 18,500 கூடுதல். சொத்து வரியை அங்கே ஒன்றேமுக்கால் சதவீதம் என்று வைத்தாலும் 9,800 ஆகும், இங்கே 5,600. வீட்டு இன்சூரன்ஸ் ஒரு 1,300 கூடும். ஆக 24,000 கூடுதல் செலவு, 7,900 மிச்சம். ஹீலாக் வட்டியைக் கணக்கில் சேர்க்காமல், நிகரமாக வருடம் 16,000 டாலர் கைவிட்டுப் போகிறது.

தவணை கூடினால் அசலும் வேகமாக அடையுமே என்று மச்சான் சொல்லக்கூடும். அதுவும் இல்லை. புதுக் கடனில் முதல் வருடம் கட்டும் 34,000-ல் அசலுக்குப் போவது 5,000 சொச்சம். பழைய கடனில் கட்டும் 15,400-ல் இப்போதே 7,600 அசலுக்குப் போகிறது. 2.875 சதவீதக் கடனைப் பொட்டலம் கட்டி டல்லாஸுக்கு எடுத்துப்போக முடியாது. விற்ற அன்றே அது செத்துவிடும்.

சரி, பணம் போனால் போகிறது, வெயிலாவது கிடைக்கும் என்கிறீர்களா? டல்லாஸ் வட்டாரத்தில் 2011-ல் 71 நாள் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. மினசோட்டாவில் ஜனவரியில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது போல அங்கே ஜூலை, ஆகஸ்டில் அடைந்து கிடப்பீர்கள். கேஸ் பில்லுக்குப் பதில் ஏ.சி. பில். 2021 பிப்ரவரி குளிர்ப்புயலில் டெக்சாஸில் லட்சக்கணக்கான வீடுகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மாநிலக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். உங்கள் வீடு குளிருக்கென்றே கட்டியது, அங்கே உள்ள வீடுகள் அப்படியில்லை. எனக்கு இன்னொரு பயம். வானிலை கஷ்டமாக இருந்தால் கடன் எடுத்துக் கிளம்பிவிடுவது என்ற பழக்கம் உங்களோடு டல்லாஸுக்கும் வரும். அங்கே அது கோடை டிக்கெட்டாக இருக்கும்.

இதற்காக மிட்வெஸ்டைச் சொர்க்கம் என்றும் சொல்லமாட்டேன். ஜூலையில் புழுக்கமும் கொசுவும் உண்டு. ஆலங்கட்டி மழை கூரையைப் பதம் பார்க்கும். 2020 ஆகஸ்ட் 10 அன்று பக்கத்து அயோவாவில் வீசிய டெரேச்சோ புயல் சோளக் காட்டைப் பாயாகச் சுருட்டியது. உங்கள் மாநிலத்து டுலூத் மாதிரி ஊர்களைப் பருவநிலைப் புகலிடம் என்று சொல்லி இப்போது ரியல் எஸ்டேட் விற்கிறார்கள். 2023 கோடையில் கனடாக் காட்டுத்தீயின் புகை உங்கள் மாநிலம் முழுக்க நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள், அதனால் அந்த விளம்பரத்தையும் நம்பவேண்டாம். ஆனால் கடலோரச் சூறாவளி இல்லை, தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. ஜூனில் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சத்தில் ஏரிக்கரையில் பிள்ளைகளை விட்டுவிட்டு உட்காரலாம். அந்த நல்ல மாதங்களைப் பற்றி மூன்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லையே நீங்கள்.

ஐ.யூ.எல். பற்றி அதிகம் பேச எனக்குப் பொறுமை இல்லை. வாராவாரம் யாராவது ஒருவர் கேட்கிறார். சந்தை விழுந்தாலும் நஷ்டமில்லை என்பார்கள். ஏறும்போது லாபத்துக்கு உச்சவரம்பு வைப்பதையும், டிவிடெண்ட் சேராததையும், வயது ஏற ஏற உள்ளே கழியும் காப்பீட்டுச் செலவையும், முதல் பத்துப் பதினைந்து வருடத்தில் வெளியே வந்தால் பிடிக்கும் அபராதத்தையும் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்களுக்குத் தேவை இருபது வருட டெர்ம் பாலிசி, அதாவது அந்த இருபது வருடத்துக்கு மட்டுமான, சேமிப்பு எதுவும் கலக்காத ஆயுள் காப்பீடு. உடல்நிலை சரியாக இருந்தால் பத்து லட்சம் டாலர் காப்பீடு மாதம் நூறு டாலர் அளவில் கிடைக்கும்.

அந்தப் பாலிசிப் பேச்சில் ஒரே ஒரு நல்ல செய்தி உண்டு. மாதம் 1,000 டாலர் கட்டத் தயார் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் அந்த ஆயிரம் இருக்கிறது. இப்போது போகும் 307-உடன் சேர்த்து 1,300 ஆக ஹீலாக்கில் கட்டுங்கள். மூன்று வருடம் ஐந்து மாதத்தில் கடன் அடைந்துவிடும். முதல் வேலையாக வங்கியைக் கூப்பிட்டு, இனி அதிலிருந்து பணம் எடுக்க முடியாதபடி கணக்கை முடக்கச் சொல்லுங்கள். கட்டுவது மட்டும் தொடரட்டும். திறந்த கணக்கை வைத்துக்கொண்டு டிசம்பர் டிக்கெட் விலையைப் பார்க்காதீர்கள்.

பயணத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. ஊரில் அப்பா அம்மா இருக்கிறார்கள், போகத்தான் வேண்டும். தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றில் மாதம் 300 போட்டு, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அந்தப் பணத்தில் போங்கள். அந்த 300-க்காக வெளியே சாப்பிடுவதைக் கொஞ்சம் குறைக்கவேண்டியிருக்கும். கடன் தீரும் வரை மெக்சிகோ வேண்டாம்.

மனைவி விஷயத்தை டாக்டரிடம் கொண்டுபோங்கள். நவம்பரில் தொடங்கி மார்ச்சில் விலகும் மனச்சோர்வு ஒரு நோயாகவே இருக்கலாம், அதற்கு வைத்தியமும் உண்டு. காலையில் அரைமணி நேரம் உட்காரச் சொல்லி 10,000 லக்ஸ் விளக்கு எழுதித் தருவார்கள். அது நூறு டாலருக்குள் கிடைக்கும். குளிர்காலம் முழுக்கத் தவிக்கும் ஒருவருக்குப் பத்து நாள் மெக்சிகோ என்ன செய்துவிடும்? வைத்தியம் பார்த்தும் இரண்டு குளிர்காலம் இதே நிலை என்றால், அப்போது இடம் மாறுவது நியாயமான செலவு, 16,000 ஆனாலும் சரி. அப்போதும் இந்த வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, டல்லாஸில் வாடகைக்கே ஒரு வருடம் இருங்கள். ஜூலை, ஆகஸ்ட் அதற்குள் வரவேண்டும்.

மச்சானிடம் இல்லை என்று சொல்வது சங்கடம்தான், அதுவும் மனைவியின் அண்ணன். ஹீலாக்கை வங்கி முடக்கிவிட்டது என்று சொல்லிவிடுங்கள். வங்கியைக் கூப்பிட்ட பிறகு சொன்னால் அது பொய்யாகவும் இருக்காது. புக்கிங் பணமாக ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. கொடுத்திருந்தால், ஒப்பந்தத்தில் எந்தத் தேதி வரை திருப்பித் தருவார்கள் என்று இன்றைக்கே பார்த்து எனக்கு எழுதுங்கள்.