விண்வெளி நிலையத்துக்கு ஆள் ஏற்றும் வேலை: சூலூர்ப்பேட்டைத் தந்தை ஒருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கடிதமும் உடன் அனுப்பிய கல்லூரி விளம்பரத்தின் நகலும் கிடைத்தன. இன்டர் இரண்டாம் ஆண்டில் (இங்கே பிளஸ் டூ) கணிதம், இயற்பியல், வேதியியல் பிரிவு படிக்கும் தங்கள் மகள், இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் புறப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள் முதல், விண்வெளி நிலையங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் தனியார் நிறுவனத்தில்தான் வேலை பார்ப்பேன் என்று சொல்லி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ‘விண்வெளித் தொழில்நுட்பம்’ என்ற பெயரில் பி.டெக். நடத்தும் கல்லூரி ஒன்று, நான்கு ஆண்டுப் படிப்பு, அமெரிக்காவில் எம்.எஸ்., பிறகு அங்கேயே வேலை என்று வழி காட்டுவதாகவும், அதற்காகத் தடா அருகே உள்ள அரை ஏக்கர் நிலத்தை விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிலத்தை விற்க வேண்டாம். பிள்ளையின் ஆசைக்குத் தடை போடவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தொழில் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் விண்வெளி ஓடம் 2011 ஜூலையில் ஓய்வு பெற்ற பின், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அந்த நாட்டு வீரர்கள் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் இடம் வாங்கித்தான் சென்று வந்தார்கள். 2014 செப்டம்பரில் நாசா இரு நிறுவனங்களிடம் வேலையை ஒப்படைத்தது: போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலர். குறைந்த தொகை பெற்ற ஸ்பேஸ்எக்ஸ் 2020 மே 30 அன்று இரு வீரர்களை அனுப்பிக் காட்டியது. போயிங்கின் ஸ்டார்லைனர் 2024 ஜூனில்தான் சுனிதா வில்லியம்ஸையும் புட்ச் வில்மோரையும் ஏற்றிச் சென்றது. அதுவும் அவர்களை விட்டுவிட்டு வெறும் கலமாகத் தரையிறங்க, அவர்கள் ஒன்பது மாதம் கழித்து டிராகனில் ஊர் திரும்பினார்கள்.

இப்போதைய பன்னாட்டு விண்வெளி நிலையத்தை 2030ஐ ஒட்டி ஓய்வு கொடுத்துக் கடலில் இறக்கத் திட்டம் இருக்கிறது. அதன் இடத்துக்கு ஆக்ஸியம், வாஸ்ட், ஸ்டார்லேப், ப்ளூ ஆரிஜின் ஆகிய நிறுவனங்கள் தனியார் நிலையங்களை முன்மொழிந்திருக்கின்றன. நிலையம் பல இருந்தாலும் ஆளை ஏற்றிப் போக அமெரிக்கத் தனியாரிடம் தொடர்ந்து ஓடும் வண்டி டிராகன் ஒன்றுதான். வாஸ்ட் தன் முதல் நிலையத்துக்கு அதையே நம்பியிருக்கிறது. 2023 ஜூனில் ஏழு நிறுவனங்கள் நாசாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன என்று செய்தி வந்தது. ஆள் ஏற்றும் வசதியை உருவாக்க முன்வந்த ப்ளூ ஆரிஜினும் அவற்றில் ஒன்று. அந்த ஒப்பந்தங்களில் நாசா கொடுப்பது தொழில்நுட்ப ஆலோசனை மட்டுமே. பணம் ஒரு காசும் இல்லை. விளம்பரத்தில் ‘ஆயிரக்கணக்கான வேலைகள் காத்திருக்கின்றன’ என்று அச்சிட்டவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

விளம்பரம் சொல்லாமல் விட்டது இன்னொன்று உண்டு. தங்கள் முடிவுக்கு அதுவே முக்கியம். ராக்கெட்டும் விண்கலமும் அமெரிக்கச் சட்டப்படி படைக்கலத் தொழில்நுட்பத்தோடு சேர்த்துக் கட்டுப்படுத்தப்படுபவை. ஆகவே அவற்றைச் செய்யும் நிறுவனங்கள், குடிமக்கள், கிரீன் கார்டு பெற்று நிரந்தரமாகத் தங்கியவர்கள், அடைக்கலம் பெற்றவர்கள் ஆகியோரையே வழக்கமாக வேலைக்கு எடுக்கின்றன. மாணவர் விசாவில் போய் எம்.எஸ். முடித்து நிற்கும் இந்தியப் பிள்ளைக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும், அந்த வாசல் பெரும்பாலும் சாத்தியே இருக்கும். கிரீன் கார்டுக்கு இந்தியர்கள் காத்திருக்கும் ஆண்டுக்கணக்கைத் தங்கள் உறவினர் யாரேனும் அங்கிருந்தால் அவரிடமே கேட்டுப் பாருங்கள். நிலத்தை விற்க வேண்டாம் என்றது இதனால்தான்.

அடுத்து, எந்தப் படிப்பு என்பது. இத்தகைய கேள்வி வரும்போது அந்தத் தொழிலில் எது எது பழுதானது என்பதைப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். வெற்றிச் செய்தியில் தெரியாத வேலைகளெல்லாம் பழுதின் அறிக்கையில் தெரியும். 2019 ஏப்ரலில் தரையில் நடந்த சோதனையின்போது டிராகன் கலம் ஒன்று வெடித்துச் சிதறியது. எரிபொருளை எரியவைக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடு கசிந்து, அதிவேக அழுத்தத்தில் டைட்டானியம் வால்வு ஒன்றில் மோதித் தீப்பற்றியது காரணம். அதைக் கண்டறிய உலோகவியலும் வேதியியலும் அறிந்தவர்கள் வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஆளில்லாமல் போன ஸ்டார்லைனர், தன் கடிகாரத்தைப் பதினொரு மணி நேரம் தவறாக அமைத்துக்கொண்டதால் நிலையத்தைச் சேராமலே திரும்பியது. அது மென்பொருள் சோதனையில் விழுந்த ஓட்டை. 2023இல் அதே கலத்தின் பாராசூட் கயிறுகளை இணைக்கும் துணிக் கண்ணிகள் எதிர்பார்த்த பலத்தில் இல்லை என்பதும், மின்கம்பிகளைச் சுற்றியிருந்த நாடா தீப்பற்றக்கூடியது என்பதும் தெரியவந்து பயணம் தள்ளிப்போனது. 2024இல் நிலையத்தை நெருங்கும்போது ஸ்டார்லைனரின் 28 சிறு உந்துபொறிகளில் ஐந்து நின்றுபோயின. வெப்பத்தில் டெஃப்லான் அடைப்பான் ஊதி எரிபொருள் வழியை நெருக்கியதே காரணமாகச் சொல்லப்பட்டது.

இந்தப் பட்டியலில் ‘விண்வெளி’ என்ற சொல் எங்கே வருகிறது, ஐயா? உலோகம், வேதியியல், மென்பொருள், நெசவு, மின்கம்பி, பிளாஸ்டிக் ஆகியவைதான் இருக்கின்றன. மனிதரை ஏற்றும் வண்டியைக் கட்டுவதில் பெரும்பங்கு, சரிபார்ப்பதும் மறுபடி சரிபார்ப்பதும்தான். எனவே மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், மெட்டலர்ஜி ஆகிய அடிப்படைப் பிரிவுகளில் ஒன்றை நல்ல கல்லூரியில் படிக்கட்டும். இஸ்ரோவின் விஞ்ஞானி-பொறியாளர் பணி அறிவிப்புகளும் பெரும்பாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரிகளுக்கே வருகின்றன. பட்டத்தில் 65 விழுக்காடு அல்லது பத்துக்கு 6.84 புள்ளி கேட்கிறார்கள். பட்டத்தின் பெயர் புதுமையாக இருந்தால் விண்ணப்பமே தள்ளுபடியாகிவிடும் ஆபத்து உண்டு. துணித் தொழில்நுட்பத்தை யாரும் என்னிடம் கேட்பதில்லை. இந்தியா தன் வீரர்களை விண்ணுக்கு அனுப்பத் தயாரிக்கும் ககன்யான் கலம் இறங்குவதற்கான பத்துப் பாராசூட்டுகளும் ஆக்ராவில் உள்ள பாதுகாப்பு ஆய்வகம் ஒன்றில் உருவானவை என்பதைப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

தங்கள் வீட்டு மாடியில் நின்றால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் கண்ணுக்குத் தெரியும். 2023 அக்டோபர் 21 காலை, புறப்பட ஐந்து விநாடி இருக்கையில் நிறுத்தப்பட்டுப் பின் பத்து மணிக்குக் கிளம்பியது ஒரு சிறு ராக்கெட். ஆபத்து நேர்ந்தால் ககன்யான் வீரர்களைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போகும் தப்பிப்பு அமைப்பின் சோதனை அது. கலம் கரையிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி வங்கக்கடலில் இறங்கியது. கலத்தினுள் வீரர்கள் சுவாசிக்கும் காற்றையும் வெப்பத்தையும் பேணும் அமைப்பைப் பிற நாடுகள் தர முன்வராததால் இங்கேயே உருவாக்குவதாக அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத் 2023 டிசம்பரில் சொன்னார். அமெரிக்கா போனால் தொடவும் விடமாட்டார்கள் என்ற அதே வேலை, இங்கே ஆள் தேடிக்கொண்டிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவின் மூன்றாவது ஏவுதளத்துக்கு 2025 ஜனவரியில் சுமார் 3,985 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இந்திய விண்வெளி நிலையத்துக்கு இலக்கு ஆண்டு 2035. தனியாரிலும், 2022இல் ஸ்கைரூட்டும், 2024 மே 30 அன்று சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல்லும் இதே தீவிலிருந்து ராக்கெட் ஏவியிருக்கின்றன. அவை இன்னும் ஆளை ஏற்றும் நிலையில் இல்லை. ஆனால் வால்வையும் வெல்டையும் சோதிக்கும் பழக்கம் அங்கேயே கைவரும். ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில் மெட்ரோ ரயில் பெட்டி செய்யும் அல்ஸ்டாம் ஆலையும் மனிதரை ஏற்றும் வண்டி செய்யும் இடமே. அத்தகைய ஆலையில் வெல்டிங் சோதனை கற்றவருடைய அனுபவமும் இத்துறையில் செல்லும்.

இனி இடம் பிடிக்கும் கதை. கேரளத்தின் வலியமலாவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசைப்படி சேர்க்கிறது, திருப்பதி ஐ.ஐ.டி.யும் அவ்வாறே. அது கைகூடாவிட்டால் இரு மாநிலக் கலந்தாய்வுகள் உள்ளன, எல்லை ஊர்க்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆந்திராவில் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் படித்திருப்பதால் அங்கே பாப்பா உள்ளூர் மாணவி, அந்த மாநில நுழைவுத்தேர்வான ஈ.ஏ.பி.செட் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வு இல்லை, மதிப்பெண்தான்; ஆனால் வெளிமாநிலத்தில் படித்தவரிடம் பூர்வீகச் சான்றிதழ் கேட்பார்கள். வீட்டில் தமிழ் பேசுவது அதற்குப் போதாது. தங்கள் தந்தையார் தமிழ்நாட்டு எல்லைக்குள் ஆரம்பாக்கத்தில் இருந்த காலத்து ஆவணம் ஏதேனும் இருந்தால் இப்போதே தேடி எடுங்கள். கலந்தாய்வு நெருங்கியபின் தாலுகா அலுவலகத்தில் வரிசை நீண்டுவிடும்.

வரும் சனிக்கிழமை காலை புறநகர் ரயிலில் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள். ஆறாம் வகுப்பு முதலான படிப்புச் சான்றிதழ்களும் இன்டர் முதலாண்டு மதிப்பெண் பட்டியலும் வேண்டும். நிலப் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்.