கிராஸ் மாற்றிய பிறகு வண்டி அதிர்கிறதா? ஷாஃப்டுக்குப் பணம் எடுக்காதீர்கள்

கேள்வி: என் பிக்கப்பில் 'டக் டக்' என்று சத்தம் வந்ததால் கிராஸ் (கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் முனையில் இருக்கும் சிலுவை வடிவ இணைப்பு) மாற்றினார்கள். சத்தம் போய்விட்டது, ஆனால் 50-ஐத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் அதிர்கிறது. ஷாஃப்ட் வளைந்துவிட்டது, புதிதாகப் போடணும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பொறுங்கள். கழற்றும் வரை இல்லாத அதிர்வு மாட்டியதும் வந்தால், மாட்டிய விதத்தைத்தான் முதலில் சந்தேகப்படணும். கழற்றுமுன் ஃபிளாஞ்சிலும் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஸ்லிப் ஜாயின்டிலும் (ஒன்றுக்குள் ஒன்று செருகும் பல் வெட்டிய இணைப்பு) சாக்பீஸால் ஒரு கோடு போடணும், அவ்வளவுதான். போடாமல் உருவிவிட்டு ஒரு பல் தள்ளிச் செருகினால், ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே வாட்டத்தில் நிற்காது. கிராஸ் ஒவ்வொன்றும் சுற்றுக்கு இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஒன்றின் ஆட்டத்தை மற்றது அடக்குவது அந்த வாட்டம் சரியாக இருந்தால்தான். அடியில் குனிந்து பார்த்தாலே தெரியும்.

அடுத்தது கப், அதாவது கிராஸின் ஒவ்வொரு முனையிலும் மாட்டும் மூடி. உள்ளே ஊசி ஊசியாக உருளைகள் இருக்கும், ஒன்று சரிந்து அடியில் விழுந்தால் கப் முழுசாக இறங்காது, அதைப் பிடிக்கும் லாக் வளையம் உட்காராது, உடனே சுத்தியலை எடுத்துவிடுவார்கள். ஷாஃப்டைக் கழற்றச் சொல்லி கிராஸ் இணைப்பைக் கையால் அசைத்துப் பாருங்கள், எங்கேயாவது பிடித்தால் அந்தக் கிராஸ் போச்சு.

வளைந்தது என்று இன்னும் சாதித்தால், லேத்தில் மாட்டி வளைவை அளக்கும் டயல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டமாட்டார்கள், ஏனென்றால் ஸ்பேர்ஸ் கடைக் கமிஷன் ஷாஃப்டில்தான், சாக்பீஸ் கோட்டில் இல்லை. 'ரீகண்டிஷன்' என்று பழைய ஷாஃப்டுக்குப் பெயின்ட் அடித்து வருவதை வாங்கவே வாங்காதீர்கள், பேலன்ஸுக்கு ஒட்டவைத்த தகடு விழுந்த தழும்புகூட அந்தப் பெயின்டுக்குள் மறைந்துவிடும். பில்லில் 'லேபர்' என்று ஒரே வரி எழுதித் தருகிறார்கள், அதை வைத்துக்கொண்டு எந்த நுகர்வோர் மன்றத்தில் போய் நிற்பது?

நீங்களே கழற்றுவதாக இருந்தால் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் அடியில் நுழையாதீர்கள். ஷாஃப்ட் இறங்கிய நொடியில் கியர் வண்டியைப் பிடிக்காது. ஹேண்ட்பிரேக் இருக்கிறதே என்பீர்கள். உங்கள் வண்டியில் அது பின்சக்கரத்தில் இருந்தால் சரி, ஆனால் பழைய வில்லிஸ் ஜீப்பிலும் சில லாரிகளிலும் அது ஷாஃப்டைத்தான் பிடிக்கும், ஷாஃப்ட் போனால் ஹேண்ட்பிரேக்கும் போச்சு, இழுத்தது இழுத்தபடியே இருக்க வண்டி மட்டும் உருளும். கட்டை, அப்புறம்தான் ஸ்பானர்.

மாட்டிய பிறகு, நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) உள்ள கிராஸ் என்றால் கிரீஸ் அடித்து நான்கு கப்பிலும் எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் மறுபடி கழற்றச் சொல்லுங்கள், காசு தராமல்.