ஏற்காட்டுக் கான்கிரீட் சுவரில் ஜிப்சம் போர்டு: சட்டம் இல்லாமல் ஒட்டலாமா?

வணக்கம். ஏற்காட்டு வீட்டில் போர்டைத் தாங்கும் மர அல்லது இரும்புச் சட்டம் அடிக்காமல், போர்டு இணைப்புகளில் பூசும், தண்ணீரில் குழைத்தால் இறுகும் ஜாயிண்ட் பவுடரை வைத்தே கான்கிரீட் சுவரில் ஜிப்சம் போர்டை (இருபுறமும் அட்டைத்தாள் ஒட்டிய ஜிப்சம் பலகை) ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டலாம். ஆனால் அந்தச் சுவரின் பின்னால் மலைச்சரிவு மண் இருந்தால் தயவுசெய்து வேண்டாம். ஈரம் ஏறினால் ஜிப்சம் ஊறிப்போகும், அட்டை கறுத்துப் பூஞ்சை பிடிக்கும்.

சந்தேகம் இருந்தால், இரண்டு அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்துதான் வருகிறது. மழைக்காலத்தில் ஒருமுறை பார்ப்பது இன்னும் நல்லது.

வாளியில் குழைத்தே விற்கும் ஜாயிண்ட் கலவையை வாங்கிவிடாதீர்கள். அது காற்றில் உலர்ந்தால்தான் கெட்டியாகும். போர்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே காற்று ஏது? பவுடர் வகை தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவது. இறுகும்போது வாளியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அதற்குப்பின் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் பிடிப்பு போய்விடும், கொட்டிவிடுங்கள். அதனால் ஒரு போர்டுக்கு வேண்டிய அளவு மட்டும் குழையுங்கள்.

பழைய பெயிண்டையும் சுண்ணாம்பையும் முழுக்கச் சுரண்டுங்கள்; இல்லாவிட்டால் போர்டு பிடித்திருப்பது பெயிண்டைத்தான், சுவரை அல்ல. தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி, அடியில் மரத்துண்டு கொடுத்து நிறுத்துங்கள். கனமான அலமாரியை மாட்டுவதானால் திருகாணி கான்கிரீட் வரை போக வேண்டும்.