புதன்கிழமை மீட்டிங்குக்கு முன்

தம்பி, ஜெர்மனிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது; நீங்கள் டெஸ்ட் செய்து பாஸ் போட்ட ரிலீஸில் இருந்த பக் (மென்பொருள் பிழை) வாடிக்கையாளர் வரை போய்விட்டது; புதன்கிழமை அதற்கு ஒரு மீட்டிங். மன்னிப்புக் கேட்பதா, வாயைத் திறக்காமல் இருப்பதா, வேலைக்கே ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு உங்கள் மேனேஜர்தான் பதில் சொல்ல முடியும். ஒரு பக்குக்காக டெஸ்டரை அனுப்பியதை இந்தப் பதினான்கு வருடத்தில் நான் பார்த்ததில்லை. மறைத்ததற்காக அனுப்பியதை ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

நான் வந்த முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். வாடிக்கையாளர் கணக்கிலிருந்து சந்தாப் பணம் எடுக்கும் ப்ரோக்ராம் ஒன்று தினமும் அதிகாலை 2.30க்கு ஓடும். அதற்கான டெஸ்ட் கேஸ் எல்லாம் நான் எழுதியவை. மாதக் கடைசி, பிப்ரவரி 29, டிசம்பர் 31, எதையும் விடவில்லை என்று உள்ளூரப் பெருமை வேறு. அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தது. இங்கே கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்த கடிகாரத்தை அன்று அதிகாலை 3 மணி ஆனதும் மறுபடி 2 மணிக்குத் திருப்பிவிடுவார்கள். ஆக, 2.30 இரண்டு தடவை வந்தது. பணமும் இரண்டு தடவை போனது.

வருடம் முழுக்கக் கடிகாரத்தைத் தொடாத நாட்டில் வளர்ந்தவனுக்கு இது எப்படித் தோன்றும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இரண்டு மாதம் முன்பே ஒரு டெவலப்பர், "நேர மாற்றம் பார்த்தாயிற்றா?" என்று என்னிடம் கேட்டிருந்தார். நாட்டுக்கு நாடு நேரம் மாறுமே, அதைச் சொல்கிறார் என்று நினைத்தேன். நம் வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே நாட்டில்தானே இருக்கிறார்கள் என்று மனசுக்குள் இடித்தது. புதிதாக வந்தவன் இதைக்கூடக் கேட்பானா என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் தலையை ஆட்டிவிட்டேன்.

மீட்டிங்குக்கு மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எங்கள் டீம் லீட் பாதியில் நிறுத்தினார். "அது இருக்கட்டும். 'நேர மாற்றம்' என்றதும் உங்களுக்கு என்ன தோன்றியது?" சொன்னேன். அதை அப்படியே போர்டில் எழுதினார். அப்புறம் அந்த டெவலப்பர் பக்கம் திரும்பி, "அவர் தலையாட்டியதை எப்படிப் பதிலாக எடுத்துக்கொண்டீர்கள்?" என்றார். எனக்கு வேர்த்ததைவிட அவருக்கு அதிகம் வேர்த்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று முடிவுகள். ஓடும் நேரம் இனி யுடிசி கணக்கில், அதாவது கோடைக்கும் குளிருக்கும் மாறாத உலகப் பொது நேரத்தில். ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே தேதியில் இரண்டாவது முறை பணம் எடுக்க முடியாதபடி ஒரு தடை. டெஸ்ட் மெஷினின் கடிகாரத்தை நாங்களே மாற்றிவைத்து ஓட்டிப் பார்க்க வசதி. அந்தக் கடிகாரத்தை மார்ச் கடைசி ஞாயிறுக்கு வைத்துப் பழைய ப்ரோக்ராமை ஓட்டினோம். அன்று 2 மணி நேராக 3 ஆகிவிடும், 2.30 வரவே வராது. ப்ரோக்ராம் ஓடவே இல்லை. இன்னொரு பக் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தது.

சரி, உங்கள் விஷயம். செவ்வாய் இரவே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எதைப் பார்த்து பாஸ் போட்டீர்கள், அப்போது உங்களுக்கு என்ன தெரியும், எதைக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டீர்கள். மன்னிப்பு ஒரு வரி போதும். "இனிமேல் கவனமாக இருப்பேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை யாராலும் டெஸ்ட் செய்ய முடியாது. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் ஏரியான் 5 ராக்கெட் விசாரணை அறிக்கையைப் படியுங்கள். 1996 ஜூன் 4 அன்று கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வெடித்துவிட்டது. ஏரியான் 4இலிருந்து எடுத்த மென்பொருளில், 16 பிட் இடத்தில் அடங்காத எண் வந்ததுதான் காரணம். எந்தச் சோதனையைச் செய்யவில்லை, அது தேவையில்லை என்று ஏன் நினைத்தார்கள் என்பதைத்தான் அந்த அறிக்கை துருவுகிறது.

'யாரையும் குறை சொல்ல மாட்டோம்' என்று சொல்லிவிட்டு விரல் நீட்டும் டீம்களும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. அங்கேயும் அந்தத் தாள் கைகொடுக்கும்.

புரியாத வார்த்தை வந்தால் நிறுத்திக் கேளுங்கள். போன வாரம்கூட, "அடுத்த வெள்ளி என்றால் எந்த வெள்ளி?" என்று கேட்டேன். அறையில் இருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் வேறொரு வெள்ளியை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.