தாத்தாவின் ஃபிஷ் ரிப்போர்ட்டும் மகளின் மேல்படிப்பும்

அம்மா, வணக்கம்.

மாமனாருக்கு மைலோமா, அதாவது பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய், என்று தெரிந்த நாளிலிருந்து மகள் அவருடைய குரோமோசோம் கோளாறுகளைக் காட்டும் அந்த ஃபிஷ் ரிப்போர்ட்டும் கையுமாக இருக்கிறாள், நீட்டில் மார்க் வராததால் ஜெனெடிக்ஸ் படிக்கிறேன் என்கிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சோற்றுக் கணக்குக்குப் பிறகு வருகிறேன். அவளை அந்தக் காகிதத்தில் எது பிடித்து இழுத்தது என்று முதலில் உங்களுக்குத் தெரியட்டும்.

கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடியைத் தயாரிப்பது எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களின் வேலை. அதற்கான முக்கிய ஜீன் 14ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆன்டிபாடியின் வகையை மாற்ற, செல் அந்த இடத்தை வெட்டி ஒட்டும். அப்போது கை தவறினால் 11 அல்லது 4ஆம் குரோமோசோமின் துண்டு அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். வேறு சிலருக்கு 3, 5, 7, 9, 11 என்று ஒற்றைப்படைக் குரோமோசோம்கள் இரண்டுக்குப் பதில் மூன்றாகிவிடும்.

வியப்பு என்னவென்றால், இவ்வளவு கோளாறு நடந்த பிறகும் அது புற்றுநோய் ஆகிவிடவில்லை. எம்.ஜி.யு.எஸ். என்ற முன்நிலைதான். அமெரிக்காவின் மினசோட்டாவில் எடுத்த கணக்கின்படி 50 வயது கடந்தவர்களில் 100க்கு 3 பேரிடம் அது இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்களில் ஆண்டுக்குச் சுமார் 100க்கு ஒருவருக்குத்தான் முற்றுகிறது. அடுத்த படியான ஸ்மோல்டரிங் மைலோமாவில் முதல் 5 ஆண்டுகளுக்கு அது ஆண்டுக்கு 100க்கு 10 பேர். முற்றும்போது புதுக் கோளாறுகள் சேரும். 1ஆம் குரோமோசோமின் நீள்கரம் கூடுதலாகும். சிலருக்கு 17இன் குட்டைக் கரம் தொலைந்து, கூடவே டிபி53 என்ற காவல் ஜீனும் போய்விடும்.

நீங்கள் எழுதாத ஒரு பயமும் கடிதத்தில் தெரிந்தது. ரிப்போர்ட்டில் உள்ள இந்த உடைவுகள் தாத்தாவின் அந்தச் செல்களில் இடையில் நேர்ந்தவை. பிள்ளை, பேத்தி என்று கைமாறி வருபவை அல்ல.

இனி வேலை. பிளாஸ்மா செல் மெதுவாகத்தான் இரண்டாகிப் பெருகும். அதனால், பெருகும் செல்களின் குரோமோசோம்களைப் படமெடுத்து அடுக்கும் சாதாரண கேரியோடைப் சோதனையில் பல நேரம் மற்ற செல்கள்தான் சிக்கும். எல்லாம் சரி என்று பொய்யாகக் காட்டும். பிளாஸ்மா செல்லின் மேலுள்ள சிடி138 என்ற அடையாளப் புரதத்தைப் பிடிக்கும் காந்த மணிகளை வைத்து அதைத் தனியே பிரித்து, குறிப்பிட்ட ஜீன் பகுதியில் போய் ஒட்டும் ஒளிரும் புரோப் போட்டு, இருட்டறையில் மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்து நூறு, இருநூறு செல்களில் பச்சைப் புள்ளி எத்தனை, சிவப்பு எத்தனை என்று எண்ண வேண்டும். நாள் முழுக்க. துறுதுறுவென்று நாலு பேரோடு பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு இது தண்டனை. அமெரிக்க மரபியல் விஞ்ஞானி ஜேனட் ரவ்லி 1970களில் குரோமோசோம் போட்டோக்களைச் சாப்பாட்டு மேசையில் கத்தரித்து அடுக்கியபோது, காகிதப் பொம்மை விளையாடுவதாக அவருடைய பிள்ளைகளே கேலி செய்தார்களாம். 1973இல், ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் 9, 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதைக் கண்டுபிடித்தவர் அவர்.

சம்பளத்துக்கு வருவோம். பி.எஸ்சி. மட்டும் போதாது. போரூர் ராமச்சந்திராவிலோ கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலோ மனித மரபியலில் எம்.எஸ்சி. வரை போக வேண்டும். அப்படியும் லேப்கள் சென்னை, வேலூர், பெங்களூரு என்று பெரிய ஊர்களில்தான், இடங்களும் குறைவு. 5 ஆண்டு காத்திருக்க வீட்டு நிலைமை இடம்தராது என்றால் மருத்துவ லேப் பரிசோதனைப் படிப்பான பி.எஸ்சி. எம்.எல்.டி.யில் சேருங்கள். சொந்த ஊரிலேயே வேலை தேடலாம்; ஆசை குறையாவிட்டால் பிறகு மரபியல் பக்கம் திரும்ப முடியுமா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் சீட் கிடைக்காததற்கு ஆறுதல் பரிசு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த நினைப்போடு இருட்டறைக்குள் போகிறவர்கள் இரண்டாம் வருடமே வெளியே வந்துவிடுகிறார்கள்.

மாமனாரின் அடுத்த செக்கப்புக்கு அவளையும் கூட்டிப்போய், ஒரு மணி நேரம் லேபைப் பார்க்க விடுவார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். வெளியே வந்ததும் ‘பிடிச்சிருக்கா’ என்று கேட்க வேண்டாம். ‘எத்தனை செல் எண்ணினே’ என்று கேளுங்கள். பதிலை எனக்கு எழுதுங்கள். அப்புறம் அப்ளிகேஷன் போடலாம்.