வீட்டுத் தொட்டியில் பவளம் ஏன் வெளுக்கிறது? டர்பன் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: மின்வெட்டு வந்துபோன இரண்டு மூன்று நாளில் என் கடல்நீர்த் தொட்டியில் உள்ள அக்ரோபோரா (கிளைவிடும் பவளம்) அடியிலிருந்து வெளுக்கத் தொடங்குகிறது. தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. (சாட்ஸ்வொர்த்)

பதில்: எப்போது சோதிக்கிறீர்கள், தம்பி? வாரம் ஒருமுறை, அதுவும் எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால் நடந்தது தெரியாது. கரண்ட் போனதும் மேல்தொட்டி நீர் சம்ப்புக்கு (கீழே உள்ள துணைத்தொட்டிக்கு) வடியும். அது நிரம்பித் தரையில் நாலைந்து லிட்டர் வழிந்தால், போனது உப்புநீர். கரண்ட் வந்ததும் தானாக நிரப்பும் கருவி அந்த இடத்தில் நன்னீரை ஊற்றிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் உப்பு கொஞ்சம் குறையும். சம்ப்பிலிருந்து மேலே திரும்பும் குழாயில், மேல்தொட்டி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னத் துளை ஒன்று போடுங்கள். மட்டம் அங்கே இறங்கியதும் துளை காற்றை இழுத்து வடிவதை நிறுத்திவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் சந்தேகம் இன்னொன்றின் மேல்தான். நிரப்பும் நீரில் கால்க்வாசர் கலக்கிறீர்களா? வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் தெளிநீர்தான் அது. பம்ப் மறுபடி ஓடத் தொடங்கும்போது சம்ப் மட்டம் சில நிமிடம் தாழும். நிரப்பும் கருவியின் மிதவை அதைப் பார்த்துச் சுண்ணாம்பு நீரை உள்ளே தள்ளும். ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் காரத்தின் அளவு, சட்டென்று எகிறும். 8 முதல் 9 டிகேஹெச்சுக்குள் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) எந்த எண்ணாக இருந்தாலும் பவளம் பழகிக்கொள்ளும். ஒரே நாளில் ஒன்று, ஒன்றரை தாவுவதைத்தான் அதனால் தாங்க முடியாது. அடுத்த வெட்டுக்கு முன் ஒருமுறையும், கரண்ட் வந்து ஒரு மணி நேரத்தில் ஒருமுறையும் அளந்து எழுதி வையுங்கள். நிரப்பும் கருவிக்கு அரை மணி தாமதமாக இயங்கும் டைமர் போட்டால் இது நின்றுவிடும்.

முள் வைத்த பழைய டைமரா? கரண்ட் இல்லாத நேரத்தில் அதுவும் நின்றுவிடும், விளக்கு எரியும் நேரம் நள்ளிரவுக்குத் தள்ளிப்போகும். அதையும் பாருங்கள். பவளத்தில் வெளுப்பின் வெள்ளைக் கோடு மணிக்கணக்கில் மேலேறினால் காத்திருக்க வேண்டாம். நிறம் மாறாத நுனிகளைக் கோட்டுக்கு ஓர் அங்குலம் மேலே வெட்டி வேறு கல்லில் ஒட்டுங்கள்.

கேள்வி: கடல்நீரையே எடுத்து ஊற்றுகிறோம். மழைக்கு அப்புறம் பவளங்கள் சுருங்கிவிட்டன. (டர்பன் நார்த்)

பதில்: உம்கேனி ஆறு கடலில் சேரும் பக்கம் மழைக்குப் பிறகு நீர் பழுப்பாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் உப்பு குறைவு, சாக்கடை கலப்பு அதிகம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் கடற்கரைகள் எவ்வளவு காலம் மூடிக் கிடந்தன என்பது நமக்கு மறக்காது. மழைக்காலத்தில் உப்புப் பொடி கரைத்த நீரே நல்லது. உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலில் சரிபார்த்து வையுங்கள். வெறும் நன்னீரில் பூஜ்யம் காட்டினால் போதாது.

கேள்வி: நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கிறது. பவளம் மட்டும் வெளிறுகிறது.

பதில்: பட்டினி. மீனுக்குத் தீனியைக் கூட்டுங்கள், பாஸ்பேட் உறிஞ்சும் பொருளை எடுத்துவிடுங்கள். நைட்ரேட் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு), பாஸ்பேட் 0.05 அளவில் இருந்தால் நிறம் மெல்லத் திரும்பும்.

கேள்வி: பல தலைகளாக வளரும் டார்ச் பவளத்தின் ஒரு தலையில் பழுப்பாகக் கூழ் தொங்குகிறது. (ஃபீனிக்ஸ்)

பதில்: அக்கா, இதைப் படித்ததும் பம்ப்பை அணையுங்கள். நனைந்த பஞ்சு போல் ஆடும் அந்தக் கூழ் பிய்ந்து பக்கத்துத் தலையில் விழுந்தால் அதுவும் போய்விடும். மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, பவளத்தை வெளியே எடுத்து, நோயுள்ள தலையை எலும்புக்கூட்டோடு வெட்டி எறியுங்கள். மீதியைப் பவளத்துக்கென விற்கும் அயோடின் கரைசலில் முக்கித் தனி வாளியில் வையுங்கள். முழுதும் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். மற்ற தலைகளைக் காப்பாற்றத்தான் இந்த அவசரம்.

கேள்வி: சோவாந்தஸ் (பூப்போன்ற பவள வகை உயிரி) செத்துப்போன கல்லைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அதில் பாலிடாக்சின் என்னும் கொடிய நச்சு இருக்கலாம். ஆவியில் ஏறினால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் மூச்சு முட்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, ஈரம் காயாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஏற்கெனவே கொதிக்க வைத்து இருமலோ காய்ச்சலோ வந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், பவளக் கல்லைக் கொதிக்க வைத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.