ஃபோல்சமில் இருக்கும் சின்ன ஜூவுக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். ஃபோல்சம் ஜூ ரொம்பச் சின்னது, போய் வருவது வீண் என்கிறார்கள். உண்மையா?

சின்னது என்பது உண்மை, வீண் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அங்கே கிடையாது. வண்டலூரில் கால் வலிக்க நடந்தவர்களுக்கு இது ஒரு தெருவைச் சுற்றி வந்தது போலத்தான் இருக்கும். இருந்தாலும், இங்கே வேலைக்கு வந்து குடும்பத்தோடு தங்கிய நண்பர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான்.

ஃபோல்சம் நகர நிர்வாகமே இதை நடத்துகிறது. 1963-ல் தாயை இழந்த ஒரு கரடிக்குட்டிக்கு ஊர்ப் பூங்காவில் இடம் கொடுத்ததில் தொடங்கியது. அந்தக் குட்டியின் பெயர் ஸ்மோக்கி. இங்கே விலங்குகளை விலைக்கு வாங்குவதில்லை, குட்டி போடவும் விடுவதில்லை. காட்டுக்குத் திரும்ப முடியாதவை, வீட்டில் ஆசைக்கு வளர்த்துக் கைவிட்டவை, பறிமுதல் செய்யப்பட்டவை என்று போக்கிடம் இல்லாமல் வந்து சேர்ந்தவைதான் பெரும்பாலும்.

அதனால் ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நின்று, அந்த விலங்கு ஏன் இங்கே இருக்கிறது என்று பலகையைப் படியுங்கள். அதைப் படிக்காமல் நடந்துபோனால் பாதிகூடப் பார்த்ததாக ஆகாது. பூமா என்கிற மலைச்சிங்கத்தின் குட்டி ஒன்றரை, இரண்டு வருடம் தாய்கூடவே திரிந்துதான் வேட்டை பழகும். அதற்குள் தாய் செத்துப்போனால் குட்டியைக் காட்டில் விட முடியாது, பட்டினியிலேயே செத்துவிடும். கரடியின் கதை வேறு. குப்பைத்தொட்டியிலும் முகாம் கூடாரங்களிலும் தின்று பழகிவிட்டால், எங்கே கொண்டுபோய் விட்டாலும் மனிதர்களைத் தேடியே வரும். கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல வேண்டிய நிலை வந்துவிடுகிறது. டாஹோ ஏரிப் பக்கம் மலைக்குப் போகும்போது சாப்பாட்டைக் காரில் விட்டுவைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஓநாயும் நாயும் கலந்த கலப்பினத்தைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனது கனத்துப்போகும். அழகாக இருக்கிறது என்று மனிதர்களே உருவாக்கியது அது. வளர்ந்த பிறகு வீட்டு நாய் போல அடங்காது, காட்டிலும் அதற்கு இடமில்லை. குரங்கைச் செல்லப்பிராணியாக வளர்க்க கலிபோர்னியாவில் அனுமதியே இல்லை. புலி, சிங்கம் போன்றவற்றைத் தனியார் வீட்டில் வளர்ப்பதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்கா முழுவதற்கும் 2022 டிசம்பரில்தான் வந்தது. அத்தனை வருடம் தாமதித்தது எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

நம் ஊர்க் குழந்தைகளுக்கு இதைப் புரியவைக்க நல்ல வழி ஒன்று உண்டு. ஊரில் யார் வீட்டிலாவது கூண்டில் பச்சைக்கிளி பார்த்திருப்பார்கள். அதுவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். நட்சத்திர ஆமையை ராசி என்று தொட்டியில் போட்டு வைப்பதும் அப்படியே. இறக்கை வெட்டிய கிளி திரும்பப் பறக்குமா என்று என் மகள் கேட்டாள். இறகை மட்டும் வெட்டியிருந்தால் திரும்ப முளைக்கும், எலும்பே போயிருந்தால் பறக்காது என்றேன். பறக்க முடியாத கழுகும் பருந்தும் இப்படிப்பட்ட இடங்களில் ஏன் இருக்கின்றன என்று அப்புறம் அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, போகிற விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை மூடியிருக்கும். மற்ற நாட்களுக்கும் நேரத்தை நகராட்சியின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கோடையில் இங்கே 38 டிகிரியைத் தாண்டும். மதியம் போனால் எல்லாம் நிழலில் படுத்துத் தூங்கும், எழுப்பக் கண்ணாடியைத் தட்ட வேண்டாம். காலையில் போங்கள். தன்னார்வலர் யாராவது நின்றால் தயங்காமல் பேச்சுக் கொடுங்கள், பலகையில் இல்லாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நுழைவுக் கட்டணம் போக உண்டியலில் கொஞ்சம் போட முடிந்தால் போடுங்கள். கரடி ஒன்று 20 வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும், அத்தனை வருடமும் அதற்குத் தீனியும் மருத்துவமும் பார்க்க வேண்டும்.